கலங்கிய நீரில் ஒளியின் வழி

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவ மழை பெய்து ஓயும்பொழுது, மாங்காட்டைச் சுற்றியுள்ள ஏரி, குளம், கிணறு யாவும் நிறம் மாறி நிற்பதை நாம் ஆண்டுதோறும் காண்கிறோம். முன்பு அடிப்படி வரையில் தெரிந்த கிணற்றில், இப்பொழுது இறக்கிய வாளி ஒரு முழ ஆழத்திற்குள் கண்ணுக்கு மறைந்துவிடுகிறது. 'இந்நீர் குடிக்கத் தகுமா? சாயத் தொட்டிக்கு ஆகுமா?' என்று வீட்டார் கேட்கின்றனர். 'வெறும் மண் கலங்கல்தான், கேடில்லை' என்பார் சிலர். ஒரு நாள் கழித்து மேல்நீர் தெளிந்ததும், 'தெளிந்துவிட்டது, இனி அச்சமில்லை' என்பார் வேறு சிலர். இவ்விரண்டு கூற்றும் தவறானவை. இவற்றை நம்பிய குடும்பத்தில் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்குக் காணுதல் அரிதன்று.

ஏன் தவறு என்பதை அறிய, கலங்கிய பொருளினூடே ஒளி எவ்வாறு செல்கிறது என்பதை முதலில் அறிதல் வேண்டும். இது பௌதிகம் கற்றவர்க்கு மட்டும் உரிய விஷயமன்று. நெசவாளர் கையிலுள்ள வெண்ணூலும், தோட்டக்காரர் விடியலில் பறிக்கும் மல்லிகையும், பால் சங்கத்தில் ஊற்றும் பாலும் இதே விதிக்கு உட்பட்டவையே. ஆகவே அங்கத்தினர் அனைவருக்கும் பயன்படும் என்று கருதி இதனை இங்கே விளக்க முற்படுகிறோம்.

தறிக்கூடத்துத் தூசி

காலை வேளையில் ஓட்டுக் கூரையின் சந்து வழியே தறிக்கூடத்தில் வெயில் விழுவதைக் கவனித்திருப்பீர்கள். கூரையிலிருந்து தரை வரையில் ஒரு வெண்மையான கோல் சாய்த்து வைக்கப்பட்டது போலத் தோன்றும். அது ஒளியின் உருவம் என்று நாம் எண்ணுகிறோம். உண்மையில் நாம் காண்பது காற்றில் மிதக்கும் பஞ்சுத் தூசியையே. ஒவ்வொரு தூசியும் தன்மேல் விழுந்த ஒளியில் சிறிதளவைப் பக்கவாட்டில் திருப்பி நம் கண்ணுக்கு அனுப்புகிறது. தூசி முற்றும் இல்லாதிருப்பின், ஒளி நேரே தரைக்குச் சென்றுவிடும். இடையிலுள்ள வழி நமக்குத் தோன்றாது. ஜான் டிண்டால் என்னும் விஞ்ஞானி 1860-களின் இறுதியில் இங்கிலாந்தில் இதனைச் சோதித்துக் காட்டினார். தூசியை நீக்கிய காற்றினுள் வலிய ஒளிக்கற்றையைச் செலுத்தியபொழுது, அவ்விடம் இருள் போலக் காணப்பட்டது.

இவ்வாறு ஒளி தன் நேர்வழியை விட்டுப் பல திசைகளிலும் திரும்புவதையே ஒளிச் சிதறல் என்கிறோம். ஒரு பொருள் ஒளியை விழுங்குவது வேறு. சிதறச் செய்வது வேறு. கரித்தூள் ஒளியை விழுங்குகிறது. ஆதலின் கருமையாகத் தோன்றுகிறது. சிதறச் செய்யும் பொருள் ஒளியை அழிப்பதில்லை. அதன் திசையை மட்டும் மாற்றுகிறது. கலங்கல் என்பதும் பெரும்பாலும் இத்திசை மாற்றமே. நீரின் அடியிலுள்ள பொருளைப் பற்றிய செய்தியைக் கொண்டு வரும் ஒளி வழியில் திசை மாறிவிடுவதால், அச்செய்தி நம் கண்ணை எட்டுவதில்லை.

வீட்டிலேயே செய்து பார்க்கத்தக்க ஒரு சோதனை உண்டு. கண்ணாடித் தம்ளர் ஒன்றில் தெளிந்த நீரை நிரப்பி, இரண்டு மூன்று துளி பாலைக் கலக்குங்கள். அறையை இருட்டாக்கி, ஒரு பக்கத்திலிருந்து கைவிளக்கின் ஒளியைச் செலுத்துங்கள். பக்கவாட்டில் நின்று பார்ப்பவருக்கு நீர் மெல்லிய நீலமாகத் தோன்றும். எதிர்ப்புறம் நின்று விளக்கை நோக்குபவருக்கோ அவ்வொளி மஞ்சளாகவும், பால் சற்று மிகுந்தால் செம்மையாகவும் தோன்றும். வானம் நீலமாக இருப்பதற்கும், மாலைச் சூரியன் சிவப்பதற்கும் உள்ள காரணத்தை இத்தம்ளருக்குள்ளேயே காணலாம்.

ஒளியை நுண்ணிய அலைகளாகக் கொள்வோமாயின், ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் சுமார் இரண்டாயிரம் அலைகள் அடங்கும். நீல ஒளியின் அலை குறுகியது. சிவப்பின் அலை நீண்டது. சிதறச் செய்யும் துகள் அலையின் நீளத்தைவிட மிகவும் சிறியதாக இருந்தால், குறுகிய அலையே மிகுதியாகச் சிதறும். அலை நீளம் பாதியானால் சிதறல் பதினாறு மடங்காகும் என்று ராலே பிரபு 1871-ஆம் ஆண்டில் கணக்கிட்டுக் காட்டினார். துகள் அலையைவிடப் பெரியதாயின் எல்லா நிறங்களும் ஏறத்தாழ ஒன்றாகவே சிதறும்; அப்பொழுது தோன்றுவது வெண்மை. ஊதுவத்தியின் நுனியிலிருந்து எழும் நுண்புகை நீலமாகவும், நீர்த்துளிகளாலான மார்கழிப் பனிமூட்டம் வெண்மையாகவும் இருப்பதன் வேறுபாடு இதுவே.

கடலைக் கேள்வி கேட்ட தமிழர்

இத்துறையில் உலகப் புகழ் பெற்றவர் நம் நாட்டவரே என்பதை அங்கத்தினர்கள் பெருமிதத்துடன் நினைவில் கொள்ளலாம். திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவலில் 1888-ஆம் ஆண்டு பிறந்த சந்திரசேகர வேங்கட ராமன், சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று 1907-இல் எம்.ஏ. பட்டம் பெற்றார். பின்னர்க் கல்கத்தாவில் அரசாங்க நிதித்துறை உத்தியோகத்தில் இருந்துகொண்டே ஓய்வு நேரங்களில் ஆராய்ச்சி செய்து, 1917-இல் அங்குள்ள பல்கலைக் கழகத்தில் பேராசிரியரானார்.

1921-ஆம் ஆண்டு இங்கிலாந்து சென்று கப்பலில் திரும்பும் வழியில், மத்தியதரைக் கடலின் ஆழ்ந்த நீலம் அவர் கருத்தைக் கவர்ந்தது. வானத்தின் நீலம் நீரில் பிரதிபலிப்பதாலேயே கடல் நீலமாகத் தோன்றுகிறது என்பது அக்காலத்தார் கொள்கை. ராமன் தம்மிடமிருந்த ஒரு சிறு படிகக் கருவியினால், நீர்ப்பரப்பிலிருந்து பிரதிபலிக்கும் ஒளியை விலக்கிவிட்டுப் பார்த்தார். அப்பொழுதும் கடல் நீலமாகவே இருந்தது. முன்னிலும் தெளிவாகவே இருந்தது. நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறச் செய்கின்றன என்று அவர் முடிவு கண்டார். நீர் சிவப்பொளியைச் சிறிது சிறிதாக விழுங்குவதும் கடலின் நீலத்திற்கு முக்கியமான காரணம் என்று இன்று அறிகிறோம். எனினும் தூசியற்ற தூய நீரும் ஒளியைச் சிதறச் செய்யும் என்ற உண்மை நிலைபெற்றது.

அதன்பின் ஏழாண்டுகள் அவரும் அவருடைய மாணவர்களும் பலவகைத் திரவங்களில் இச்சிதறலை ஆராய்ந்தனர். இராமநாதபுரம் ஜில்லாவாக அக்காலத்தில் இருந்த பகுதியில், வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன் அவருக்கு உறுதுணையாக இருந்தார். திரவத்தில் சிறிதளவு தூசி இருந்தாலும், அதன் சிதறல் மூலக்கூறுகளின் மெல்லிய சிதறலை மூடி மறைத்துவிடும். ஆதலின் திரவங்களைத் திரும்பத் திரும்ப வடித்துத் தூய்மையாக்குவதே அவர்களுக்குப் பெரும் வேலையாயிற்று. சிதறிய ஒளியில் ஒரு நுண்ணிய பகுதி தன் நிறத்தையே மாற்றிக்கொள்கிறது என்பதை 1928 பிப்ரவரி 28-ஆம் நாள் கண்டனர். அதற்காக ராமனுக்கு 1930-இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்நாளே தேசிய அறிவியல் தினமாக 1987 முதல் கொண்டாடப்படுகிறது.

நூலும் பூவும் வெளுப்பது எதனால்

இனி நம் தொழிலுக்கு வருவோம். வெண்ணூலில் வெள்ளை நிறப் பொருள் ஏதேனும் உண்டா? இல்லை. ஒரு பஞ்சிழையைத் தனித்தெடுத்து உருப்பெருக்கியில் நோக்கினால் அது கண்ணாடி இழை போலத் தெளிவாகவே காணப்படும். அவ்வாறாயின் நூல் எங்ஙனம் வெளுத்தது?

ஒளியின் வேகம் எல்லாப் பொருளிலும் ஒன்றாக இருப்பதில்லை. காற்றில் செல்லும் வேகத்தோடு ஒப்பிட, நீரில் முக்கால் பங்காகவும், பஞ்சிழையிலும் எண்ணெயிலும் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்காகவும் அது குறைந்துவிடுகிறது. வேகம் மாறும் எல்லையை அடையும்பொழுதெல்லாம் ஒளியில் ஒரு பகுதி திரும்புகிறது. எஞ்சியது சாய்ந்து செல்கிறது. நூலிலோ இழையும் காற்றும், இழையும் காற்றுமாக எண்ணற்ற எல்லைகள் உள்ளன. ஒவ்வோர் எல்லையிலும் ஒளி சிறிது சிறிதாகத் திரும்பி, இறுதியில் பெரும்பகுதி வந்த பக்கமே மீண்டு விடுகிறது. எந்த நிறமும் விழுங்கப்படாமல் எல்லாம் மீளுவதால் நூல் வெண்மையாகத் தோன்றுகிறது.

அந்நூலை நனைத்தால் இழைகளுக்கிடையே இருந்த காற்று வெளியேறி நீர் புகுகிறது. நீருக்கும் இழைக்கும் வேக வேறுபாடு குறைவு. ஆகவே ஒளி எல்லைகளில் அதிகம் திரும்பாமல் உள்ளே ஆழ்ந்து செல்கிறது. சென்ற வழியெல்லாம் சாயம் அதனை விழுங்குகிறது. ஈரத்துணியின் நிறம் கருத்துத் தோன்றுவதும், வெள்ளைத் துணி நனைந்தால் உடல் தெரிவதும் இதனாலேயே. பாவுக்குக் கஞ்சி போடும்பொழுது மங்கியிருந்த நூல், உலர்ந்ததும் பளிச்சென வெளுப்பதையும் நாம் நாள்தோறும் காண்கிறோம். சாயமிட்ட சிட்டத்தை ஈரத்தில் வைத்துக்கொண்டு, உடலுக்கும் முந்திக்கும் நிறம் ஒத்திருக்கிறது என்று தீர்மானித்து ஏமாந்தவர் நம்மில் உண்டு. முற்றும் உலர்ந்த பின்னர், பகல் வெளிச்சத்தில், மாதிரிச் சிட்டத்தின் அருகில் வைத்து ஒப்பிடுதலே முறையாகும். இது வெறும் பழக்கமன்று. ஒளியின் இயல்பை ஒட்டிய விதி.

எண்ணெயின் வேகம் காகித இழையின் வேகத்தோடு நீரைவிட நெருங்கியது. ஆதலின் வடை மடித்த காகிதத்தில் எண்ணெய் பட்ட இடம் ஒளி ஊடுருவும்படி ஆகிவிடுகிறது. சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கும்பொழுதும் இதைக் காணலாம். அடித்த கணத்தில் பழைய சுவர் உள்ளே தெரிந்து, 'சுண்ணாம்பு போதவில்லையோ' என்று ஐயம் எழும். நீர் உலர்ந்து, சுண்ணத் துகள்களுக்கிடையே காற்றுப் புகுந்ததும் சுவர் வெளுத்துவிடும்.

மல்லிகையின் கதையும் அதுவே. அதன் இதழில் வெள்ளைச் சாயம் ஏதும் இல்லை. இதழின் உயிரணுக்களுக்கு இடையே நுண்ணிய காற்றறைகள் உள்ளன. அவற்றின் எல்லைகளில் ஒளி சிதறுவதால் பூ வெளுத்துக் காண்கிறது. ஓர் இதழை விரலிடையே வைத்து நசுக்கிப் பாருங்கள். காற்று வெளியேறி, உயிரணுவின் சாறு அவ்விடத்தை நிரப்ப, வெண்மை மறைந்து கண்ணாடி போல் ஆகிவிடும். கூடையில் அமுங்கிய பூவிலும் கனமழையில் அடிபட்ட மொட்டிலும் காணும் அத்தகைய புள்ளிகள் காயத்தின் அடையாளமே. விலைக்கு அனுப்பும் முன் அவற்றைப் பொறுக்கி நீக்கினால், மற்றப் பூக்களின் மதிப்புக் குறையாது.

பாலும் கண்ணளவும்

ஒரு முறை சிதறும் ஒளியைப் பற்றி இதுவரை பெரிதும் சொன்னோம். பாலைப் போன்ற அடர்ந்த கலங்கலில் ஒளி ஒரு மில்லிமீட்டர் தூரத்தைக் கடப்பதற்குள்ளேயே பன்முறை திசை மாறிவிடுகிறது. ஆடி வெள்ளிக்கிழமையில் மாங்காடு காமாட்சியம்மன் சந்நிதித் தெருவில் நடப்பதை எண்ணிப் பாருங்கள். வெறுந்தெருவில் நூறு எட்டு வைத்தால் நூறு எட்டுத் தூரம் செல்லலாம். கூட்டத்தில் அகப்பட்டு, ஒவ்வோர் எட்டுக்கும் ஒருவர்மேல் மோதி ஏதோ ஒரு பக்கம் திரும்ப நேர்ந்தால், நூறு எட்டு வைத்தும் புறப்பட்ட இடத்திலிருந்து சுமார் பத்து எட்டுத் தூரமே சென்றிருப்போம். இருபது எட்டுத் தூரம் செல்ல நானூறு எட்டு வேண்டும். அடர்ந்த கலங்கலில் ஒளியின் நிலையும் இதுவே. ஆதலின் அதில் பெரும்பகுதி உட்புக வழியின்றி வந்த பக்கமே வெளிவருகிறது.

பாலில் ஒளியைச் சிதறச் செய்வன இரண்டு. ஒன்று, கேசீன் என்னும் புரதத்தின் மிக நுண்ணிய உருண்டைகள். மற்றொன்று, அவற்றிலும் பெரியனவாகிய கொழுப்புத் துளிகள். கொழுப்பை முற்றும் எடுத்துவிட்ட பால் சற்றே நீலம் பாய்ந்து காண்பது, நுண்ணிய கேசீன் உருண்டைகள் மட்டும் எஞ்சியிருப்பதால் ஆகும்.

இதிலிருந்து கூட்டுறவாளருக்கு ஒரு பாடம் உண்டு. பாலில் உள்ள துகள்கள் ஒளியைத் திருப்புவதற்குத் தேவையான அளவைவிட மிகப் பலவாக இருக்கின்றன. ஆகவே ஐந்து படியில் அரைப் படி நீரைக் கலந்தாலும் வெண்மை கண்ணுக்குத் தெரியும்படி குறைவதில்லை. அவ்வாறே, நேர்மையாகக் கறந்து கொணர்ந்த பால் ஒருவர் கண்ணுக்கு மெல்லியதாகத் தோன்றினால், அதனால் அவர்மீது குற்றம் சாட்டவும் இடமில்லை. கண்ணளவில் விலை வைப்பது வாங்குவோருக்கும் அநீதி, ஊற்றுவோருக்கும் அநீதி.

ஆனால் அதே ஒளிச் சிதறல், முறைப்படி அளக்கப்படும்பொழுது நீதிபதியாகிவிடுகிறது. 1960-களில் டென்மார்க்கில் தோன்றிய ஒரு கருவி முறையை இதற்குச் சான்றாகக் கூறலாம். பாலின் ஒரு சிறு பங்கில் ஒரு கரைசலை மிகுதியாகச் சேர்த்துக் கேசீன் உருண்டைகளைக் கரைத்துவிடுகிறார்கள். பின்னர்க் கொழுப்புத் துளிகளை உடைத்து ஒரே சீரான அளவினவாக்குகிறார்கள். இப்பொழுது எஞ்சிய கலங்கல் கொழுப்பினால் ஆயதே. அதனூடே ஒளியைச் செலுத்தி, எவ்வளவு குறைந்து வெளிவருகிறது என்று அளந்தால் கொழுப்பின் அளவு தெரிந்துவிடும். இம்முறையில் அமைந்த மின்னணுக் கருவிகள் இந்தியாவின் கிராமப் பால் கூட்டுறவுச் சங்கங்களிலும் இடம்பெற்றன. பிற்காலத்தில் ஒலியலை கொண்டு அளக்கும் கருவிகளும் வந்துள்ளன. கருவி எதுவாயினும், ஏழை அங்கத்தினருக்கும் செல்வருக்கும் ஒரே அளவுகோல் என்பதே அதன் சிறப்பு.

நம் உடலும் ஒரு கலங்கிய பொருளே. விரலைக் கைவிளக்கின்மேல் வைத்தால் எலும்பின் உருவம் தெளியத் தெரிவதில்லை. விரல் முழுவதும் செம்மையாக ஒளிர்கிறது. சதையில் சிதறிச் சிதறிச் செல்லும் ஒளியில் நீலமும் பச்சையும் இரத்தத்தால் விழுங்கப்பட, சிவப்பே மறுபுறம் வருகிறது. 2020-ஆம் ஆண்டின் பெருந்தொற்றுக் காலத்தில் விரலில் மாட்டி ஆக்சிஜனை அளந்த சிறு கருவி, இவ்வாறு கடந்து வரும் சிவப்பொளியையும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பொளியையும் ஒப்பிட்டே வேலை செய்கிறது.

நீரின் கலங்கலை அளப்பது

இனி நாம் தொடங்கிய கிணற்றண்டை மீளுவோம். மழைநீர் அடித்துக்கொண்டு வரும் களிமண் துகள்கள் மிக நுண்ணியவை. அவை எதிர் மின்னூட்டம் உடையவை ஆதலின், ஒன்றையொன்று தள்ளி விலகி நிற்கும். சேர்ந்து கனத்து அடியில் படிவதில்லை. நாட்கணக்கில் மிதந்து ஒளியைச் சிதறச் செய்துகொண்டேயிருக்கும்.

இக்கலங்கலை அளக்க முற்காலத்தில் எளிய வழிகளைக் கையாண்டனர். இத்தாலியைச் சேர்ந்த செக்கி என்னும் பாதிரியார் 1865-இல் வெண்ணிறத் தட்டு ஒன்றைக் கடலில் இறக்கி, எந்த ஆழத்தில் அது கண்ணுக்கு மறைகிறது என்று குறித்தார். பின்னர், கண்ணாடிக் குழாய்க்கு அடியில் மெழுகுவர்த்தியை ஏற்றி, சுடரின் உருவம் மறையும்வரை குழாயில் நீரை ஊற்றி, நின்ற உயரத்தைக் கொண்டு அளக்கும் முறை அமெரிக்காவில் வழங்கிற்று. இன்றைய கருவி, நீரினுள் ஒளிக்கற்றையைச் செலுத்தி, அதற்குச் செங்குத்தான திசையில் சிதறிவரும் ஒளியை அளக்கிறது. தறிக்கூடத்துத் தூசியை நாம் பக்கவாட்டில் நின்று பார்த்தோமே, அதே முறைதான். இக்கருவியின் அலகை என்.டி.யு. என்று குறிப்பர். குடிநீரில் இது 1 அலகுக்கு மேற்படலாகாது என்றும், வேறு நீர் கிடையாத இடத்தில் 5 அலகு வரை பொறுக்கலாம் என்றும் இந்தியத் தர நிர்ணயம் கூறுகிறது.

நமக்கு அண்மையிலுள்ள செம்பரம்பாக்கம் ஏரி 3,645 மில்லியன் கன அடி கொள்ளளவு உடையது. அதன் நீரைச் சென்னை மாநகருக்காகச் சுத்திகரிக்கும் நிலையம் 2007-இல் தொடங்கப்பட்டது. நாளொன்றுக்கு 53 கோடி லிட்டர் நீரைச் சுத்தம் செய்ய வல்லது. இத்தகைய நிலையங்களில் நடைபெறும் வேலை அடிப்படையில் எளிது. படிகாரத்தைக் கலந்து துகள்களைச் சேரச் செய்து, படியவிட்டு, மணலில் வடித்து, இறுதியில் குளோரின் சேர்க்கிறார்கள். படிகாரத்திலுள்ள அலுமினியத்தின் நேர் மின்னூட்டம் களிமண் துகள்களின் விலக்கத்தைத் தணிக்க, அவை திரண்டு பஞ்சுப் பொதி போலாகி அடியில் அமிழ்கின்றன. நம் முன்னோர் பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை உரைத்து நீரைத் தெளிவித்ததும் இவ்வழியே. முருங்கை விதையிலுள்ள ஒருவகைப் புரதத்திற்கும் இக்குணம் உண்டு.

தெளிவு தூய்மையாகுமா

தெளிந்த நீரைக் கண்டு அச்சமற்றிருத்தல் தவறு என்று முதலிலேயே கூறினோம். காரணம் இது: நோய்க்கிருமிகளும் ஒளியைச் சிதறச் செய்வனவே, ஆனால் ஒரு மில்லிலிட்டர் நீரில் ஏறத்தாழ ஒரு கோடி கிருமிகள் சேர்ந்தால்தான் கலங்கல் கண்ணுக்குப் புலனாகும். அவ்வளவு நீரில் ஓர் இலட்சம் கிருமிகள் இருந்தாலும் தம்ளர் பளிங்கு போலவே தோன்றும். நீரில் கரைந்த உப்போ நைட்ரேட்டோ புளோரைடோ கண்ணுக்குத் தெரியும் கலங்கலை உண்டாக்குவதேயில்லை. ஆகவே, கலங்கிய நீரை ஐயுறுதல் சரி. தெளிந்த நீரை நம்பிவிடுதல் சரியன்று.

'வெறும் மண்தானே' என்பது ஏன் தவறு? மண் துகளின் மறைவில் கிருமிகள் ஒளிந்துகொள்கின்றன. குளோரின் மாத்திரையை இட்டாலும், அதன் ஆற்றல் அழுக்கிலேயே செலவழிந்து கிருமிகளை எட்டாமற் போகக்கூடும். வீடுகளில் வைத்திருக்கும் புற ஊதாக் கதிர் சுத்திகரிப்புக் கருவியும் அத்தகையதே. அக்கதிரும் ஒளியின் இனம். கலங்கல் உள்ள இடத்தில் சிதறியும் விழுங்கப்பட்டும் வலியிழந்துவிடும். கருவியின் விளக்கு எரிகிறது என்பதனாலேயே நீர் சுத்தமாகிவிட்டது என்று கொள்ளலாகாது.

2015 டிசம்பர் முதல் தேதி இரவில் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி நீர் திறந்துவிடப்பட்டு அடையாறு கரைபுரண்டது. அத்தகைய வெள்ள நாட்களில் கிணறும் குழாயும் ஒருங்கே கலங்கிவிடும், மின்சாரமும் நின்றுவிடும். அப்பொழுது செய்ய வேண்டுவதன் வரிசையை அங்கத்தினர் மனத்தில் இருத்திக்கொள்வார்களாக.

முதலில் நீரைத் தெளிவிக்க வேண்டும். சுத்தமான துணியை நான்காக மடித்து வடிகட்டி, சிறிது படிகாரத்தைக் கலக்கி அசையாமல் வைத்து, மேல்நீரை மட்டும் வேறு பாத்திரத்தில் இறுத்துக்கொள்ளலாம். அடுத்துக் கிருமிகளைக் கொல்ல வேண்டும். நன்றாகக் கொதித்துப் பொங்கும்வரை காய்ச்சுதல் எல்லாவற்றிலும் உறுதியான வழி. விறகும் வாயுவும் கிடையாதபொழுது, குளோரின் மாத்திரையை அதன் உறையில் கண்ட அளவில் இட்டு அரை மணி நேரம் பொறுத்திருக்கலாம்.

அதுவும் இல்லாவிடில் வெயிலே துணை. நிறமற்ற பிளாஸ்டிக் சோடாப் புட்டியில் தெளிந்த நீரை நிரப்பி நல்ல வெயிலில் ஆறு மணி நேரம் கிடத்தி வைத்தால், சூரியனின் புற ஊதாக் கதிரும் வெப்பமும் கிருமிகளை அழிக்கும். வானம் மூட்டமாயின் இரண்டு நாட்கள் வேண்டும். இடைவிடாத மழை நாட்களில் இம்முறை உதவாது. நீர் போதிய தெளிவு உடையதா என்பதைச் சோதிக்க, இவ்விதழை விரித்து, நிரப்பிய புட்டியைத் தலைப்பின்மேல் நிறுத்தி, வாய்வழியே கீழே நோக்குங்கள். பெரிய எழுத்துக்களைப் படிக்க முடிந்தால் கதிர் உட்புகும். படிக்க முடியாவிட்டால், எழுத்தின் ஒளி மேலே வரமுடியாதது போலவே வெயிலின் ஒளியும் உள்ளே செல்லமுடியாது. நீரை மீண்டும் தெளிவிக்க வேண்டும்.

சாயத் தொட்டிக்கு எடுக்கும் நீருக்கும் முதற்படி இன்றியமையாததே. மண் துகள் நூலில் படிந்தால் சாயத்தின் பொலிவு மங்கும். நிறமும் ஒரே சீராகப் பிடிக்காது.

அடியில் கருப்புக் குறியிட்ட ஒரு நீண்ட கண்ணாடிக் குழாயைச் சங்கங்கள் தம் கட்டிடத்தில் வைத்துக்கொள்வது பெருஞ்செலவன்று. மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை கிணற்று நீரை அதில் ஊற்றி, குறி எந்த உயரத்தில் மறைகிறது என்று பலகையில் எழுதி வைத்தால், நீரின் நிலை ஊரார் அனைவருக்கும் விளங்கும். ஆனால் அப்பலகையின் கீழே மற்றொரு வரியையும் மறவாமல் எழுதி வைத்தல் வேண்டும்: 'குறி தெரிந்தாலும் நீரைக் காய்ச்சிக் குடிக்கவும்.'